வண்டி வாங்கலாம்... கணக்குப் போட்டாச்சா?



நம்ம ஊரில் இலவசமாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று வெயில். இன்னொன்று வண்டியைப் பற்றிய யோசனை. நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேனுங்க" என்று சொல்லிப் பாருங்கள். டீ வருவதற்குள் பத்து யோசனை வந்துவிடும். "மைலேஜ் பாருங்க", "டீசல்தானுங்க லாபம்", "ரீசேல் முக்கியமுங்க", "இப்ப வர்ற வண்டியெல்லாம் வெறும் தகரமுங்க!"

சொல்பவர்கள் சாமானியப்பட்டவர்களா என்ன? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, கேஸ் டேங்கர் லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, சங்ககிரி லாரி என்று சக்கரத்தோடு சக்கரமாக வாழ்கிறவர்கள். அவர்கள் பேச்சைத் தள்ளவும் முடியாது. அப்படியே நம்பிப் பணத்தைக் கொட்டவும் முடியாது. அப்படியானால் ஆட்டோமொபைல் படிக்கிற நாம் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் என் வீட்டில் அப்படி ஒரு கணக்குப் போட நேர்ந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா 28 வருஷமாக டிரைவர். முதலில் லாரி, இப்போது ஆக்டிங் டிரைவர். யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டு ஆஸ்பத்திரி என்றாலும் அவர்கள் காரை ஓட்டிக்கொண்டு போவார். சொந்தமாக ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு பழைய மொபெட். அவ்வளவுதான். அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன தை மாதம் அம்மாவின் சீட்டு முடிந்து 2,50,000 ரூபாய் கைக்கு வந்தது. அன்று இராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஒரு செகண்ட் ஹேண்ட் காரு எடுக்கோணும் கண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள். கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும். "இல்லீங்கப்பா, முதல்ல கணக்குப் போட்டுப் பாத்துரலாமுங்க" என்றேன்.

பேச்சு எங்கிருந்து வந்தது?

நண்பர்களே, ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் வாங்குவதற்கு யோசனையே தேவைப்படவில்லை. இருந்ததே இரண்டு மூன்று வண்டிதான். மேற்கு வங்கம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி, சென்னைக்குப் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வண்டிகளை ரோட்டோரம் நிறுத்தி ஸ்பானரும் கம்பியும் வைத்தே ஓரளவு சரி செய்துவிடலாம். அதனால் "கனமான வண்டி, எங்கேயும் ரிப்பேர் பார்க்கலாம்" என்பதே நல்ல வண்டிக்கு இலக்கணமாக இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., சின்ன உடம்பு, லேசான எடை. "இது காரா, தீப்பெட்டியா?" என்று சிரித்தவர்கள் பிறகு அதையே வாங்கினார்கள். அன்றிலிருந்து "மைலேஜ்" என்ற சொல் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வந்த பிறகு பேச்சு இன்னும் கூடியது. மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் 2014ல் நின்றுபோனது. வண்டி நின்றுவிட்டது, வண்டியைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் ஓடுகிறது!

நான் கண்டுகொண்டது இதுதான். டீக்கடைப் பேச்சு எதுவும் முழுப் பொய் அல்ல. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு வண்டிக்கு அது உண்மையாக இருந்தது. நம் வண்டிக்கும் நம் ஓட்டத்துக்கும் அது பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

"எவ்வளவு மைலேஜ் குடுக்குது?"

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஒரு வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர், இன்னொன்று 22 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் 6,000 கிலோமீட்டர் ஓடினால் முதல் வண்டிக்கு 333 லிட்டர், இரண்டாவதற்கு 273 லிட்டர். வித்தியாசம் 60 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாக வைத்தால் வருஷத்துக்கு 6,000 ரூபாய் மிச்சம். இந்த மைலேஜுக்காக 60,000 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினால், போட்டதை எடுக்கவே 10 வருஷம் ஆகும்! அதே வண்டி டாக்சியாக வருஷம் 60,000 கிலோமீட்டர் ஓடினால் ஒரே வருஷத்தில் எடுத்துவிடலாம். மைலேஜ் யாருக்கு முக்கியம் என்பது அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது.

டீசல் கதையும் இதேதான். அரசு டீசல் விலையைப் பிடித்து வைத்திருந்தவரை டீசல் வண்டிக்காரர்கள் காட்டில் மழை. 2010ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடும், 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கின. இடைவெளி சுருங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே விட்டுவிட்டது. புது டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். தினமும் பஸ் ஸ்டாண்டுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். சேலம் - சென்னை என்று வாரம் தவறாமல் ஓடுபவருக்கு டீசல் சரி. எங்களைப் போன்ற வீட்டுக்கு அல்ல.

இப்போது புதிதாக ஒரு பேச்சு: "எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததும் மைலேஜ் குறைஞ்சு போச்சுங்க." இதிலும் உண்மை உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலக்கும்போது மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும், பாதியாகக் குறையாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஓஸ், ரப்பர் சீல் இவற்றைச் சர்வீஸின்போது தவறாமல் பார்க்கச் சொல்ல வேண்டும்.

"இறக்கத்துல நியூட்ரல் போடு, பெட்ரோல் மிச்சம்"

இந்த ஒரு பேச்சு மட்டும் உயிரோடு விளையாடுகிறது. கார்புரேட்டர் காலத்தில் இதில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கதையே வேறு. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்ஜெக்டரை மூடிவிடும். சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது, பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரல் போட்டாலோ இஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துச் செலவு செய்கிறோம்!

அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக். கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. இஞ்சினையே அணைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று மிதிக்குள் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்து பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

தர்மபுரியில் இருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஏன் இத்தனை விபத்து என்று கேட்டால், சொல்லப்படும் காரணங்களில் இந்த நியூட்ரலும் ஒன்று. அப்பாவோடு கூட லாரி ஓட்டிய ஒருவர் அந்த இறக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தார். அப்பா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே ஒருமுறை கிளீனர் சீட்டில் என்னை உட்கார வைத்துக்கொண்டு இறங்கும்போது சொன்னது இது: "எந்தக் கியர்ல ஏறுனயோ, அதே கியர்ல இறங்கோணும் கண்ணு. மலை நம்மள இறக்கி உடாது, நாமதான் இறங்கோணும்." அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பதும் அதுதான்.

"கனமான இரும்புதான் பாதுகாப்பு"

பழைய வண்டி மோதினால் மோதிய சுவர்தான் உடையும் என்று பெருமையாகச் சொல்வார்கள். மோதலின் சக்தி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? வண்டி நசுங்காவிட்டால் அந்த அதிர்ச்சி உள்ளே உட்கார்ந்திருக்கும் நெஞ்சுக்கும் தலைக்கும் போகும். அதனால்தான் இன்றைய வண்டியில் முன்பக்கம் நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் நசுங்காமல் உறுதியாக இருக்க வேண்டும். தகரத்தைத் தட்டிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மோதித்தான் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்.சி.ஏ.பி. என்ற சோதனை நடக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னொரு தேதியை நினைவில் வைக்க வேண்டும். டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். ஏ.பி.எஸ். பிரேக்கும் அதே வருஷம்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளின் மலிவான மாடல்கள் பலவற்றில் இரண்டும் கிடையாது. ஒன்று மறக்க வேண்டாம். சீட் பெல்ட் போடாதவனுக்கு ஏர்பேக் முழுக் காவல் அல்ல.

விலை ஒன்று, செலவு வேறு

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. 2,50,000 ரூபாய்க்கு வாங்கி, ஐந்து வருஷம் ஓட்டி, 1,20,000க்கு விற்பதாக வைத்தேன்.

தேய்மானம் வருஷத்துக்கு - 26,000
இன்சூரன்ஸ் - 8,000
சர்வீஸ், டயர், பேட்டரி சேர்த்து - 12,000
ஆக மொத்தம் - 46,000 ரூபாய்

இந்த 46,000 பெரும்பாலும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற பணம். இதற்கு மேல் பெட்ரோல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்து, வருஷம் 6,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 40,000. மொத்தம் 86,000. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் சொச்சம். 2,000 கிலோமீட்டர் மட்டும் ஓடினால்? கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 30 ரூபாய்! நிறுத்தி வைத்த காரும் தீனி தின்கிறது. யானையை வாங்கிவிடலாம், தீவனம் போடுவதுதான் பெரும்பாடு என்று இதைத்தான் சொல்லி வைத்தார்கள் போல. போட்ட பணத்துக்கு வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ரீசேல் பேச்சும் இந்தத் தேய்மானத்தில்தான் அடங்குகிறது. எந்த வண்டிக்கு ஊருக்கு ஊர் மெக்கானிக்கும் உதிரி பாகமும் உண்டோ, அதற்குத்தான் விலை நிற்கும். 2021ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, அந்த வண்டி வைத்திருந்தவர்களின் முதல் கவலை "பார்ட்ஸ் கிடைக்குமா? வித்தா போகுமா?" என்பதுதானே! ஆனால் மலிவு மட்டுமே மதிப்பாகிவிடாது. 2008ல் "ஒரு லட்சம் ரூபாய் கார்" என்று நாடே கொண்டாடிய டாடா நானோ பத்து வருஷத்தில் நின்றுபோனது. கார் வாங்குகிற நம் ஜனங்கள் பயணத்தை மட்டும் வாங்குவதில்லை. நாலு பேர் முன்னால் இறங்குகிற மரியாதையையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

பளபளத்த வண்டியும் பத்தாயிரம் ரூபாயும்

நான் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே அப்பா ஒரு வண்டியைப் பார்த்து, ரசீது இல்லாமல் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வெள்ளை வண்டி, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. "சத்தம் சுத்தமா இருக்குது, இஞ்சின் நல்லாருக்குது" என்றார். அப்பாவின் காது பொய் சொல்லாது. இஞ்சின் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் நானும் போனேன். எங்கள் ஒர்க்‌ஷாப் சார் சொல்லிக் கொடுத்த வரிசையில் பார்த்தேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் ஆறிய இஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலண்ட் உள்ளே இறங்குகிறது. பானட், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு இருக்கிறதா? கிலோமீட்டர் குறைவாகக் காட்டினாலும் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

நான் டிக்கியைத் திறந்து, பாயைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். அடியில் கோணல்மாணலாக வெல்டிங், அதன்மேல் பட்டி பூசிப் பெயின்ட், ஓரத்தில் துரு. பின்னால் பலமாக அடிபட்ட வண்டி! ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், விற்கிறவர் பெயரே அதில் இல்லை. முந்தைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. ஃபைனான்ஸ் ஹெச்.பி.யும் ரத்தாகவில்லை.

"அதெல்லாம் அப்புறமா மாத்திக்கலாம் தம்பி, எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க" என்றார் அவர். நண்பர்களே, இந்த "அப்புறம்" என்ற சொல்தான் ஆளைக் கவிழ்ப்பது. பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி ஓனர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே விற்கிறவருக்கும் இதில் ஆபத்து. 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து, ஃபைனான்ஸ் இருந்தால் 35ஆம் எண் படிவமும் அவர்கள் தரும் தடையில்லாச் சான்றும், இன்சூரன்ஸ் நம் பெயருக்கு மாற்றம். இவ்வளவும் முடிந்தால்தான் வண்டி நம்முடையது. சாவி கைக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது.

வேண்டாம் என்றோம். மூன்று நடை நடந்து 6,000 ரூபாய் திரும்ப வந்தது. 4,000 போனது போனதுதான். அம்மாவுக்கு அது எத்தனை நாள் கூலி என்று நான் கணக்குப் போடவில்லை. போட மனசு வரவில்லை.

என் கணக்கில் விட்டுப்போன வரி

அன்று இராத்திரி என் நோட்டை அப்பாவிடம் காட்டினேன். "நமக்கு வருஷம் 4,000 கிலோமீட்டர் ஓடறதே பெரிசுங்கப்பா. கிலோமீட்டருக்கு 18 ரூபா ஆகுதுங்க. வாடகை வண்டியே சல்லிசுங்க" என்றேன். கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அப்பா நோட்டை முழுக்கப் பார்த்தார். "கணக்கு செரிதான் கண்ணு. ஐப்பசி மழையில ஆயாளுக்கு நெஞ்சு வலி வந்துச்சே, அது இதுல எங்க இருக்குது?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அன்று இராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வண்டிக்காக நான்கு வீட்டுக் கதவைத் தட்டினோம். 28 வருஷம் ஓட்டிய டிரைவர் வீட்டிலேயே இருக்கிறார், ஓட்டுவதற்கு வண்டி இல்லை. ஆயா பிழைத்துக்கொண்டார். ஆனால் மழையில் நனைந்துகொண்டு நின்ற அப்பாவின் முகம் எனக்கு மறக்கவில்லை. என் நோட்டில் அதற்கு ஒரு வரி இல்லைதான்.

அப்படியானால் கணக்கே தப்பா? இல்லை. கணக்கு போட்டதால்தான் அடிபட்ட வண்டி எங்கள் தலையில் விழாமல் போனது. கார் எங்களுக்கு லாபம் அல்ல, செலவு என்பதும் தெரிந்தது. தெரிந்தே, எதற்காகச் செலவு செய்கிறோம் என்றும் முடிவு செய்தோம். மூன்று மாதம் பொறுத்து, ஆவணியில் ஒரு சின்னப் பெட்ரோல் வண்டி எடுத்தோம். 2019 கடைசியில் தயாரானது, ஒரே ஓனர். இஞ்சினை அப்பா காதால் பார்த்தார், அடியை நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகுதான் நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். ஓடு மாற்றும் வேலை அடுத்த சீட்டுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மழை வந்தால் ஒரு மூலையில் இன்னும் குண்டான் வைக்கிறோம்.

அம்மா முதல் தடவையாக முன் சீட்டில் உட்கார்ந்தார். "இந்த வாரு கழுத்த அறுக்குதுங்க, எடுத்துரலாமா?" என்றார். "வண்டி நிக்கற வரைக்கும் எடுக்கப்படாது" என்றார் அப்பா.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாளைக்கு நம் வீட்டில் வண்டி, வீடு, கடன் எது வந்தாலும் முதலில் நம்மைத்தான் கேட்பார்கள். அப்போது ஊர்ப் பேச்சைச் சொல்லாமல் கணக்கைச் சொல்வோம். கணக்கைச் சொல்லிவிட்டு, அதில் விட்டுப்போன வரி என்ன என்று பெரியவர்களைக் கேட்போம்.



- இரண்டாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு